நாள் தள்ளுவதற்கு முன்



ஏழை நாடுகளில் குழந்தைகளுக்கு வரும் பிறவிக் குறைபாடுகளைப் பற்றிப் பொதுவாகப் பேசும்படி இந்த அறக்கட்டளையார் கேட்டிருந்தார்கள். அது கடல். பிறவிக் குறைபாடுகளால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,40,000 குழந்தைகள் பிறந்த முதல் மாதத்திலேயே இறந்துபோகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடுமையான குறைபாட்டோடு பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பிறப்பது ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். இதயத்தில் ஓட்டை, அன்னப்பிளவு, வளைபாதம், பிறவிக் காது கேளாமை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் போனால் கடைசியில் ஒன்றையும் சொல்லாதவன் ஆவேன். ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: நரம்புக் குழாய்க் குறைபாடு. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இதன் பெரும்பகுதியைத் தடுக்க முடியும் என்பது 1991-லேயே ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. தடுக்கும் மாத்திரை ஒரு டீயின் விலைகூட ஆகாது. அப்படியும் நம் வார்டுகளில் இந்தக் குழந்தைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் உடலுக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். கருத்தரித்த மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகுப் பக்கத்தில் தட்டையாக ஒரு படலம் இருக்கும். அதன் இரண்டு ஓரங்களும் மெல்ல எழும்பி, ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து, நடுவில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் தென்னை ஓலையைச் சுருட்டிப் பீப்பி செய்வார்களே, அந்த மாதிரி. கழுத்துப் பகுதியில் முதலில் ஒட்டும். அங்கிருந்து மேலும் கீழுமாக ஒட்டிக்கொண்டே போகும். தலைப்பக்கத்து வாய் ஏறத்தாழ 25-ஆம் நாள் மூடும். கீழ்வாய் 28-ஆம் நாள். இந்தக் குழாயிலிருந்துதான் மூளையும் தண்டுவடமும் உருவாக வேண்டும். மேல்வாய் மூடாமல் போனால் மண்டை ஓடும் மூளையின் பெரும்பகுதியும் இல்லாமல் போகும். அந்தக் குழந்தை இறந்தே பிறக்கும், அல்லது சில மணி நேரமோ சில நாளோ இருக்கும். கீழே எங்காவது மூடாமல் நின்றால் முதுகில் நீர்ப்பை போல ஒரு புடைப்பு. அதற்குள் தண்டுவடத்தின் நரம்புகள். தாய்மார் இதை 'முதுகுல கட்டி' என்பார்கள். பெரும்பாலும் கூடவே தலையிலும் நீர் கோத்துக்கொள்ளும்.

இந்த நாள்கணக்கை மாதவிலக்குக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 28 நாள் சுற்று உள்ள பெண்ணுக்குக் கரு உருவாவது 14-ஆம் நாள் வாக்கில். அடுத்த விலக்கு வரவேண்டிய நாளுக்கு அதன்பின் இரண்டு வாரம். அது வராமல் மேலும் இரண்டு வாரம் போனால் குழாய் மூடும் வேலை முடிந்துவிட்டது. மூடியது மூடியது, மூடாதது மூடாததுதான். அந்த இரண்டு வாரமும் நம் பெண் என்ன செய்துகொண்டிருப்பாள்? 'நாள் தள்ளியிருக்கு, இன்னும் ரெண்டு நாள் போகட்டும்' என்று மாமியாரிடம்கூட வாய் திறக்காமல் இருப்பாள். மசக்கை வாந்தி வந்து வீட்டில் சந்தேகம் எழும்போது நாம் பேசிக்கொண்டிருக்கும் கதை முடிந்து பல நாள் ஆகியிருக்கும்.

பிள்ளை பிறந்த பிறகு கேள்விகள் வரும். 'கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?' என்று வீட்டுப் பெரியவர்கள். 'சொந்தத்துல கட்டினதா?' என்று எங்களைப் போன்ற மருத்துவர்கள். இரண்டாவது கேள்வி சில நோய்களுக்குப் பொருத்தமானதுதான். தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் திருமணம் இன்னும் கணிசமாக இருக்கிறது. ஆனால் இந்தக் குறைபாட்டைப் பொறுத்தவரை அதோடு நிறுத்திக்கொண்டால் முக்கியமான கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. எனக்கு அதுதான் மிகக் கொடுமையானதாகப் படுகிறது: 'கொடுத்த சத்து மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டியா?' அவள் சாப்பிட்டிருப்பாள். ஒன்று விடாமல் சாப்பிட்டிருப்பாள். கொடுக்கத் தொடங்கியதே நாலாம் மாதத்தில் என்றால் அவள் என்ன செய்வாள்?

அறுவை சிகிச்சை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. முதுகுப் பையை உள்ளே தள்ளித் தோலை மூடுவார்கள். தலை நீருக்குக் குழாய் வைப்பார்கள். சேதமான நரம்பு திரும்ப வராது. கால் எந்த அளவுக்குத் தளர்ந்திருக்கும் என்பது புடைப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிறுநீர்ப்பை மட்டும் பெரும்பாலும் எல்லாருக்குமே சொன்னபடி கேட்காது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் சிறுநீரகம் போகும். இதை யார் செய்வது? தாய்தான். எங்கள் செவிலியர் ஒருமுறை கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் எங்களைவிடச் சுத்தமாகச் செய்கிறார்கள். ஒரு தாயை எனக்குத் தெரியும். காலை இடைவேளை மணிக்குப் பள்ளிக்கு நடந்து போவார். ஆசிரியைகள் ஓய்வறையின் ஓரத்தில் துணியைத் தடுப்பாகக் கட்டி வேலையை முடிப்பார். குழாயைக் கழுவி டப்பாவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். மதியம் மறுபடியும் போவார். அவர் நூறு நாள் வேலைக்குக்கூடப் போனதில்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தை என்று நாம் பேசும்போது அந்தக் குழந்தையோடு சேர்ந்து நின்றுபோன இன்னொரு வாழ்க்கையும் கணக்கில் வர வேண்டும்.

இனி மாத்திரையின் கதை. அதில் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வந்த கொடிய இரத்தசோகையை ஆராயும் வேலை. அந்தப் பெண்கள் சாப்பிட்ட அதே உணவைக் கொடுத்துக் குரங்குகளை வளர்த்தார்; அவற்றுக்கும் சோகை கண்டது. ஈஸ்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான கறுப்புப் பசையைக் கொடுத்தார், தேறின. பெண்களுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். கோடையில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தார். 1931-இன் தொடக்கத்தில் சென்னையில், திருவல்லிக்கேணியில் இன்றும் நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் மருத்துவமனையில் இருந்தார். மார்மைட்டுக்குள் இருந்த அந்த ஏதோ ஒன்று என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தார்கள். அதுதான் ஃபோலிக் அமிலம்.

அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்திக்கொண்டு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். ஸ்புரூ என்ற வயிற்றுப்போக்கு நோய்க்கு உடன்பிறந்தவர்கள் இருவரைப் பறிகொடுத்திருந்தார். அந்த நோய்க்கு ஃபோலிக் அமிலமே மருந்தாக முடியும் என்பது பின்னால் தெரியவந்தது. அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் 1945 வாக்கில் அவருடைய குழு அதைத் தயாரித்தது. 1948-இல் அவர் இறந்தபோது, தான் செய்த பொருள் பிறவிக் குறைபாட்டைத் தடுக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அந்தத் தொடர்பை முதலில் சந்தேகித்தவர்கள் லிவர்பூலைச் சேர்ந்த எலிசபெத் ஹிப்பர்டும் ரிச்சர்ட் ஸ்மிதல்ஸும். குறைபாடுள்ள குழந்தைகளைப் பெற்ற தாய்மாரிடம் ஃபோலேட் செயல்பாடு கோளாறாக இருப்பதை 1965-இல் எழுதினார்கள். ஸ்மிதல்ஸ் பின்னர் சோதனை செய்து பார்க்க விரும்பியபோது, பாதிப் பெண்களுக்கு வெறும் மாத்திரை கொடுப்பது அறமாகாது என்று ஆய்வு நெறிமுறைக் குழுக்கள் மறுத்தன. ஆகவே மாத்திரை சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டு 1980-இல் முடிவை வெளியிட்டார். நல்ல முடிவு. ஆனால் 'சாப்பிட்டவர்கள் ஏற்கெனவே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள்' என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். அறத்தின் பெயரால் தடுத்தது, பின்னால் அறிவியலின் பெயரால் குறை சொல்ல இடம் கொடுத்தது. இதில் எனக்கு யார்மீதும் கோபம் இல்லை, ஆனால் பத்தாண்டு போயிற்று. நிக்கோலஸ் வால்டு தலைமையில் 7 நாடுகளில் 33 மையங்களில் நடந்த சோதனை 1991-இல் முடிவைச் சொன்னது. இந்தக் குறைபாடுள்ள கர்ப்பம் ஒருமுறை ஏற்பட்டிருந்த பெண்களே இதில் பங்கேற்றார்கள். மறுபடி பாதிக்கப்பட்ட கர்ப்பங்கள் 27. அதில் ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களிடம் 6, சாப்பிடாதவர்களிடம் 21. 72 விழுக்காடு பாதுகாப்பு. இனியும் சிலருக்குக் கொடுக்காமல் இருப்பது தவறு என்று சோதனையையே பாதியில் நிறுத்தினார்கள்.

ஆனால் இவர்கள் ஒருமுறை அடிபட்ட பெண்கள். முதல் பிள்ளையைச் சுமக்கப்போகும் சாதாரணப் பெண்ணுக்கு என்ன? அதற்கு விடை சொன்னது சீனா. 1993 முதல் 1995 வரை வடக்கே ஹெபெய் மாகாணத்திலும் தெற்கே ஜெஜியாங், ஜியாங்சு மாகாணங்களிலும் கிட்டத்தட்ட இரண்டரை இலட்சம் பெண்கள். திருமணத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்கு வந்த இடத்திலேயே மாத்திரை கையில் கொடுக்கப்பட்டது. நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். வடக்கில் மாத்திரை சாப்பிடாதவர்களிடம் ஆயிரத்துக்கு 4.8 என்றிருந்த குறைபாடு, கருத்தரிக்கும் முன்பிருந்தே சாப்பிட்டவர்களிடம் ஆயிரத்துக்கு 1. தெற்கில் ஏற்கெனவே 1-தான், அது 0.6 ஆனது. எனக்கு முக்கியமாகப் படுவது, வடக்கு தெற்கு இரண்டும் கடைசியில் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன என்பதுதான். வடக்கின் குளிர்காலத்தில் பச்சைக் காய்கறி அரிது. ஏழ்மையாலும் குளிராலும் ஏற்பட்ட அந்த இடைவெளியின் பெரும்பகுதியை ஒரு மாத்திரை அடைத்துவிட்டது. மீதமிருப்பது வேறு காரணங்கள்.

அந்த வேறு காரணங்களைத் தேட வேண்டுமானால் பக்கத்து மாகாணமான ஷான்சிக்குப் போக வேண்டும். நிலக்கரி நாடு. அங்கே நான்கு வட்டங்களில் 2003-இல் எடுத்த கணக்கு: பத்தாயிரம் பிறப்புக்கு 138.7. உலகிலேயே பதிவான மிக உயர்ந்த எண்களில் ஒன்று. ஃபோலேட் பற்றாக்குறை முதல் காரணம் என்றாலும் அதோடு முடியவில்லை. அங்கே வீட்டுக்குள்ளேயே நிலக்கரி எரித்துச் சமைப்பார்கள், குளிர்காய்வார்கள்; இந்தக் குறைபாடு ஏற்பட்ட கர்ப்பங்களின் நஞ்சுக்கொடியில், அத்தகைய புகையில் இருக்கும் நச்சுகள் கூடுதலாக இருந்ததைப் பீக்கிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். 2009-இலிருந்து கிராமப் பெண்களுக்கு, கருத்தரிக்கத் திட்டமிடும் நாளிலிருந்து ஃபோலிக் அமிலத்தைச் சீன அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஷான்சியின் எண் வெகுவாகக் கீழிறங்கியது.

இதைச் சொன்னதும், 'அங்கே அரசு கட்டளை இட்டால் நடக்கும், இங்கே நடக்குமா' என்ற பதில் தயாராக வரும். பாதி உண்மை. பெண்ணின் கருப்பையைக் கண்காணித்த ஓர் அரசின் இயந்திரத்தில் ஏறித்தான் அந்த மாத்திரை போய்ச் சேர்ந்தது. அந்த இயந்திரம் நமக்கு வேண்டவே வேண்டாம். கட்டாயத் திருமணப் பரிசோதனையைச் சீனாவே 2003-இல் கைவிட்டது. நான் கடன் வாங்கச் சொல்வது அவர்களுடைய காலக் கணிப்பை மட்டும்.

இந்தியாவுக்கு வருவோம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நம் நாட்டில் இந்தக் குறைபாடு ஆயிரம் பிறப்புக்கு நான்கைத் தாண்டுகிறது. பெரும்பாலான ஆய்வுகள் மருத்துவமனையில் எடுத்த கணக்கு. மருத்துவமனைக்கே வராதவர்களின் நிலை என்ன? நேபாள எல்லையை ஒட்டிய உத்தரப் பிரதேசத்தின் பல்ராம்பூர் மாவட்டத்தில், எட்டாக்கைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரைக் கேட்டு எடுத்த ஆய்வு 2005-இல் லான்செட் இதழில் வந்தது. உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 6.57 முதல் 8.21 வரை. இந்தியாவின் மிகப் பின்தங்கிய பகுதி என்று அந்தக் கட்டுரையின் தலைப்பே அதைக் குறிப்பிடுகிறது.  கலைந்துபோனவை இந்த எண்ணுக்குள் வராது.

நம் தமிழ்நாட்டில் நிலைமை மேல். கிராம சுகாதாரச் செவிலியர் என்ற ஒரு படையே இருக்கிறது. கர்ப்பம் தரித்ததும் அதைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்க வேண்டும். 12 வாரத்துக்குள் பதிவு செய்வதை மகப்பேறு நிதியுதவியோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். இரத்தசோகையையும் பிரசவ மரணத்தையும் தடுப்பதற்கு இது அருமையான ஏற்பாடு. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த 12 வாரம் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவது. அதே கணக்கில் நரம்புக் குழாய் மூடுவது ஆறாவது வாரத்தில். மிகச் சரியாக, மிகச் சீக்கிரமாக, செவிலியரின் பாராட்டோடு பதிவு செய்த பெண்ணும் இந்த ஒரு விஷயத்தில் தாமதமாகத்தான் வருகிறாள். கருத்தரிக்கும் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இருக்கிறது, காகிதத்தில். அந்த மாத்திரையை அவள் கையில் கொடுக்க வேண்டியவர் யார் என்பதற்குத்தான் விடை இல்லை. கர்ப்பிணியாகாத பெண் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

பள்ளியில் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒன்று நீல நிற மாத்திரை கொடுக்கிறோமே என்பீர்கள். அதில் இருப்பது 500 மைக்ரோகிராம், வாரத்துக்கு. ஏழால் வகுத்தால் நாளுக்கு 71. வாரம் ஒருமுறை கொடுப்பதானால் 2,800 வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சரி, ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி வந்ததே? 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்து, 2024-க்குள் அரசுத் திட்டங்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. அதன் தரநிர்ணயப்படி ஒரு கிலோ அரிசியில் ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம். மூன்று வேளையும் சோறு தின்று 400 கிராம் அரிசி உள்ளே போனாலும் கிடைப்பது 30-லிருந்து 50. கழுவும் தண்ணீரிலும் வடிக்கும் கஞ்சியிலும் போவது தனி. அதுவும் எல்லா வீட்டிலும் உள்ளே போனதா என்றால், முறத்தில் அரிசியைப் பரப்பிக்கொண்டு, நூற்றுக்கு ஒன்றாகக் கலந்திருக்கும் அந்தச் செறிவூட்டிய மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தெருவில் போடும் பாட்டிமாரை நான் பார்த்திருக்கிறேன். நிறம் கொஞ்சம் வேறு, பளபளப்பு வேறு, ஊறப்போட்டால் மிதக்கும். அவர்கள் பிழைபடப் பார்க்கவில்லை. யாரும் அவர்களிடம் எதையும் விளக்கவில்லை.

அமெரிக்கா 1998 தொடங்கி மாவில் கட்டாயமாகச் சேர்த்தது 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம். அங்கே இந்தக் குறைபாடு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை குறைந்தது. அங்கும் ஓர் ஓட்டை இருந்தது: கோதுமை மாவுக்குச் சட்டம் போட்டார்கள், மெக்சிகோ வழிவந்த ஏழைப் பெண்கள் தின்னும் மக்காச்சோள மாவு விட்டுப்போயிற்று. அதில் சேர்ப்பதற்கு அனுமதி கிடைக்க 2016 ஆயிற்று. எந்த உணவில் சேர்க்கிறோம் என்பது எந்தப் பெண்ணை விட்டுவிடுகிறோம் என்பதையும் முடிவு செய்கிறது. நமக்கு வடக்கே ஆட்டா, தெற்கே அரிசி. இரண்டிலும் கணிசமானது ஆலைக்குப் போகாமல் தெரு மாவு மில்லிலேயே அரைபடுகிறது, அல்லது வயலிலிருந்து நேரே குதிருக்குப் போகிறது. எல்லா வீட்டிலும் வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்கும் ஒரே பொருள் உப்பு. அயோடின் சேர்ப்பது தூத்துக்குடி உப்பளக்காரர்களுக்குப் பழகிய வேலை. இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பை 2014-இல் தமிழ்நாடு உப்புக் கழகமே 'அம்மா உப்பு' என்று விற்றது. அயோடின் உப்பில் ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்துத் தென்னிந்தியக் கிராமப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு 2024-இல் வெளிவந்தது. நான்கே மாதத்தில் இரத்தத்தில் ஃபோலேட் அளவு பல மடங்கு ஏறியிருந்தது. அதற்கு முன்பே, 2023 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, இந்தக் குறைபாட்டைப் பெயர் சொல்லியே, உணவுச் செறிவூட்டலை விரைவுபடுத்தத் தீர்மானம் போட்டது. ஆகவே ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் உப்பைச் சொல்வேன். நாம் உப்பைக் குறைத்துத் தின்ன வேண்டியவர்கள் என்பதும் உண்மைதான். குறைத்துத் தின்றாலும் போதும்படி அளவை நிர்ணயிப்பது கடினமல்ல.

ஓர் எதிர்ப்பு நியாயமானது. ஃபோலிக் அமிலம் அதிகமானால், பி12 குறைபாட்டால் வரும் சோகை வெளியே தெரியாமல் நரம்புச் சேதம் உள்ளே தொடரலாம். பால்கூட அதிகம் சேர்க்க முடியாத சைவ உணவுக்காரர்களுக்கு இது வெறும் ஏட்டு அச்சமல்ல. பி12 குறைவே இந்தக் குறைபாட்டுக்கு ஒரு துணைக் காரணம் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் அதற்கு வழி. செறிவூட்டிய அரிசியில் அப்படித்தான் செய்தோம், அளவுதான் போதவில்லை. கீரை சாப்பிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: சாப்பிடுங்கள், பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கீரையில் இருக்கும் ஃபோலேட் நீரில் கரையும், கொதியில் அழியும்.

உப்பு வரும்வரை? திருமணத்தைப் பதிவு செய்யும் அலுவலகம் இருக்கிறது. முதல் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வரும் தாய் இருக்கிறாள்; அடுத்த பிள்ளையைப் பற்றி அவளிடம் பேசலாம். காப்பர்-டி எடுக்க வரும் பெண்ணிடம் எடுக்கும் அன்றே மாத்திரை அட்டையைக் கொடுத்தனுப்பலாம். பல நேரம் பிள்ளை வேண்டும் என்றுதான் அவள் எடுக்க வந்திருக்கிறாள். இதற்குப் புதிய கட்டடமோ புதிய பணியிடமோ தேவையில்லை.

மருத்துவ மாணவர்களுக்கு ஒரு சொல், மருந்துச் சீட்டு எழுதும் கைகள் என்பதால். ஏற்கெனவே இந்தக் குறைபாடுள்ள கர்ப்பம் ஒன்று ஏற்பட்டிருந்தால் 400 மைக்ரோகிராம் போதாது. அந்தப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் வேண்டும், கருத்தரிக்கும் முன்பிருந்து முதல் மூன்று மாதம் முடியும்வரை. நம் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது 5 மில்லிகிராம், அதையே எழுதலாம். வலிப்பு நோய்க்கு வால்ப்ரோயேட் சாப்பிடும் இளம் பெண் வந்தால், திருமணம் நிச்சயமாகும் முன்பே மாற்று மருந்தைப் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் பேசுங்கள். அந்த மருந்தும் இதே குறைபாட்டை உண்டாக்கும். அதை அவளாக நிறுத்தவும் கூடாது. இதையெல்லாம் குறைபாடுள்ள குழந்தை பிறந்த அன்றைக்கே தாயிடம் சொல்லி முடித்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கு அவள் காதில் எதுவும் ஏறாது. ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வரும்போது, கணவனையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.